30 தொன் போல்ட் இழுவைச் சோதனைத் தொகுதி: சுரங்கத்துக்குச் செய்த கருவி நம் வேலைத்தளத்துக்குச் சரிவருமா?

சுரங்கக் கூரை இடிந்து விழாமல் அடித்து வைக்கும் போல்ட் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இழுத்துப் பார்க்கப் பிறந்த கருவி இது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சுரங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். இலங்கையில் நிலத்துக்கடியில் தோண்டும் சுரங்கம் என்றால் கேகாலைப் பக்கத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ போன்ற காரீய (கிரபைட்) சுரங்கங்களையே சொல்ல வேண்டும். இங்கே இந்தத் தொகுதிக்கு வேலை கொடுப்பது கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் ரெசின் பசை விட்டு ஒட்டி நடும் போல்ட். தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் கால், தொலைபேசிக் கோபுரத்தின் அடித்தட்டு, நெல் ஆலை இயந்திரத்தின் அடித்தளம், பழைய தூணில் துளைத்து நடும் புதுக்கம்பி என்று அதன் பட்டியல் நீளம். அம்பாறைப் பக்கம் வீட்டுக்கு மேலே தொங்கும் கருங்கல்லைப் பாறை போல்ட்டால் பிடித்து வைக்கும் வேலையும் உண்டு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜக்கும் பம்பும் தரமானவை. அழுத்தம் காட்டும் கேஜ் பெரிய போல்ட்டுக்கு மட்டுமே உதவும். முக்காலி நம் கொங்கிறீட் வேலைகளில் பாதிக்குப் பொருந்தாது. எல்லாவற்றிலும் பெரிய குறை, போல்ட் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. அந்த அளவு இல்லாமல் செய்யும் சோதனை பாதிச் சோதனைதான்.

பெட்டியில் வருபவை: நடுவில் துளையுள்ள 30 தொன் ஜக், இரண்டு வேகக் கைப்பம்ப், சுமார் 2 மீற்றர் ஹோஸ், 0 முதல் 700 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ், இழுகம்பி, அதைப் போல்ட்டோடு இணைக்க 16, 20, 24 மி.மீ. புரிகளுக்கு ஒவ்வொரு கப்ளர், கோள வாசர், ஜக்கைத் தாங்கும் மூன்று கால் முக்காலி. இழுகம்பி ஜக்கின் நடுத்துளைக்குள்ளாகப் போவதால் இழுவை போல்ட்டின் நேர்கோட்டிலேயே விழும். துளை சற்றுச் சரிந்திருந்தால் அந்தச் சரிவைக் கோள வாசர் வாங்கிக்கொள்ளும். இந்த வாசரைப் பெட்டியில் விட்டுவிட்டு வேலைத்தளத்துக்குப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் போல்ட் இழுபடுவதோடு வளையவும் செய்யும், புரியின் அடியிலேயே அறுந்துவிடும், பழி ரெசினில் விழும். ஜக் மட்டும் 11 கிலோ. தரையில் இருக்கும் போல்ட்டுக்கு அது பாரமில்லை. சிலாப்பின் அடியில் தலைக்கு மேல் பிடிப்பதென்றால் சாரமும் இரண்டு பேரும் வேண்டும்.

கேஜுக்கு வருவோம். இந்த ஜக்கின் பயனுறு பரப்பு 46.6 சதுர செ.மீ. ஆகவே 1 பார் அழுத்தம் 0.466 கிலோநியூட்டன் இழுவை தரும். 100 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 தொன், வேண்டுமென்றால் 215 பார் வரை பம்ப் அடிக்க வேண்டும். கேஜின் முகத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 10 பார், அதாவது 4.66 கிலோநியூட்டன். அதன் பிழை முழு அளவில் 1 சதவீதம். முழு அளவு 700 பார் என்பதால், ஊசி எங்கே நின்றாலும் 7 பார் கூடலாம் அல்லது குறையலாம். 7 பார் என்பது 3.3 கிலோநியூட்டன். 100 கிலோநியூட்டன் சோதனையில் அது 3 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். கைப்பிடிச் சட்டத்தின் 12 மி.மீ. ஆங்கரை 10 கிலோநியூட்டனுக்கு இழுக்கும்போது அதே பிழை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஊசி இரண்டு கோடு தாண்டியதுமே சோதனை முடிந்துவிடும். அப்படி எடுத்த எண்ணை அறிக்கையில் தசமத்தோடு எழுதுவது வேடிக்கை.

இதற்கு வழி இருக்கிறது. 0 முதல் 100 பார் வரையுள்ள இன்னொரு கேஜை அடைப்பு வால்வோடு பொருத்திக்கொண்டால் 46 கிலோநியூட்டன் வரையுள்ள வேலைகளுக்கு அதுவே போதும். பெரிய இழுவைக்குப் போகும் முன் வால்வை மூட மறந்தால் அந்த கேஜ் அன்றோடு சரி. 12 மி.மீ.க்கும் குறைந்த போல்ட்டுகளே உங்கள் வழக்கமான வேலை என்றால் இந்தத் தொகுதியை விட்டுவிட்டு 25 முதல் 30 கிலோநியூட்டன் வரையுள்ள சிறிய கைச்சோதனைக் கருவியைப் பாருங்கள்.

கருவி சரியாகக் காட்டுகிறது என்பதற்கான தரப்படுத்தல் சான்றிதழைக் கேட்டால் பல இடங்களில் கேஜின் சான்றிதழை மட்டும் நீட்டுவார்கள். அது போதாது. ஜக்கின் சீல் பழசானால் உராய்வு கூடும், கேஜ் காட்டும் பாரம் முழுவதும் போல்ட்டுக்குப் போய்ச் சேராது. ஜக்கையும் கேஜையும் ஒன்றாகச் சேர்த்து, பாரத்தை நேரடியாக அளக்கும் கருவியில் ஏற்றி, எத்தனை பாருக்கு எத்தனை கிலோநியூட்டன் என்று தயாரித்த அட்டவணைதான் வேண்டும். ஜக்கின் தொடரெண்ணும் கேஜின் தொடரெண்ணும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும்.

இனி நகர்வு. "120 பாரில் நிற்கிறது, போல்ட் கழரவில்லை, சோதனை பாஸ்" என்று சொல்லி அடுத்த போல்ட்டுக்குப் போவதே நம் பக்கத்து வழக்கம். சுரங்கக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. சர்வதேசப் பாறைப் பொறிமுறைச் சங்கம் 1974இல் வெளியிட்ட முறையில் முதலில் 5 கிலோநியூட்டன் வரை ஏற்றித் தளர்வை எடுத்துவிட்டுத்தான் அளவு தொடங்கும். பிறகு 5 கிலோநியூட்டன் கூடும்போதோ 5 மி.மீ. நகரும்போதோ, எது முந்துகிறதோ அப்போது ஓர் அளவு. நிமிடத்துக்கு 5 முதல் 10 கிலோநியூட்டனுக்கு மேல் அவசரப்படக் கூடாது. ஊசியும் நகர்வும் இரண்டும் அமைதியான பிறகே எழுத வேண்டும். கொங்கிறீட் ஆங்கருக்கு இவ்வளவு நீட்டத் தேவையில்லை. ஆனாலும் நாலைந்து படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் நகர்வை எழுதுவது பத்து நிமிட வேலைதான்.

இதற்கு 0.01 மி.மீ. டயல் கேஜ் ஒன்றும் காந்த அடியுள்ள தாங்கி ஒன்றும் போதும். தாங்கி எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜக்கிலோ முக்காலியிலோ ஒட்டினால், பாரம் ஏறும்போது முக்காலி கொங்கிறீட்டில் அழுந்துவதும் போல்ட்டின் நகர்வாகக் கணக்கில் சேர்ந்துவிடும். முக்காலியின் காலிலிருந்து தள்ளி, கனமான இரும்புத் தட்டொன்றைத் தரையில் வைத்து அதன் மேல் தாங்கியை நிறுத்துங்கள். டயலின் முனை இழுகம்பியின் தலையைத் தொட வேண்டும்.

இழுகம்பியும் போல்ட்டின் வெளி நீளமும் இரும்பு என்பதால் பாரத்தில் அவையும் நீளும். 20 மி.மீ. கம்பியில் ரெசினில் பிடிபடாத சுயாதீன நீளம் 600 மி.மீ. இருந்தால் 100 கிலோநியூட்டனில் 0.95 மி.மீ. நீட்சி வரும். அதைக் கழிக்காமல் "ஆங்கர் 1 மி.மீ. நழுவியது" என்று எழுதினால் நல்ல வேலையைக் கெட்டதென்று ஆக்கிவிடுவோம். கழித்த பிறகு பாரத்துக்கும் நகர்வுக்கும் ஒரு வரைபு போடுங்கள். நேர்கோடாகப் போகும்வரை பிடிப்பு இருக்கிறது. கோடு எங்கே சாயத் தொடங்குகிறதோ அங்கேதான் பிடிப்பு விடுகிறது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தக் கோட்டின் சரிவு, அதாவது ஒரு மி.மீ. நகர ஏறும் பாரம், 20 கிலோநியூட்டனுக்குக் கீழே இறங்கும் இடத்தில் உள்ள பாரத்தையே பிடிப்பு வலுவென்று எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊசி இன்னும் ஏறினாலும் அந்தப் பாரத்தை நம்பவில்லை.

டயல் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பம்ப் அடிப்பதை நிறுத்திய பின் ஊசி மெல்ல இறங்குகிறதா? டயல் அசையாமல் நின்றால், அல்லது சற்றுப் பின்வாங்கினால், அது ஹோஸ் கப்ளரிலோ பம்ப் வால்விலோ உள்ள எண்ணெய்க் கசிவு, போல்ட்டுக்கு ஒன்றுமில்லை. டயல் இழுக்கும் பக்கமாகவே மேலும் ஊர்ந்தால் போல்ட் நழுவுகிறது. டயல் இல்லாதவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பிடுங்கி வந்த போல்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரெசின் முழுவதும் போல்ட்டோடு வந்து அதன் மேல் சாம்பல் நிறத் தூசு படிந்திருந்தால் துளையைச் சுத்தம் செய்யவில்லை. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டியதை வாயால் ஒரு தரம் ஊதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரெசின் துளையிலேயே நின்று புரி மட்டும் பளிச்சென்று வந்தால் கம்பியில் எண்ணெய் இருந்திருக்கலாம், அல்லது ரெசின் இறுகத் தொடங்கிய பிறகு போல்ட்டைத் திருப்பியிருக்கலாம். ரெசின் இறுகாமல் கையில் ஒட்டி மணத்தால், ரெசின் குழலில் பூட்டும் புது முனையிலிருந்து வரும் முதல் பத்து செ.மீ. கலவையை வெளியே தள்ளாமல் நேராகத் துளைக்குள் விட்டிருப்பார்கள். முதலில் வருவதில் இரண்டு பகுதியும் சரியாகக் கலந்திருக்காது. நிறம் ஒரே சீராக வந்த பிறகே துளைக்குள் விட வேண்டும்.

முக்காலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கால்கள் போல்ட்டிலிருந்து 75 மி.மீ. தூரத்திலேயே ஊன்றுகின்றன. சுரங்கத்தில் அது சரி. அங்கே அறிய வேண்டியது ஆழத்தில் ரெசின் பிடித்திருக்கிறதா என்பதுதான். கொங்கிறீட்டில் ஆங்கர் தோற்பதற்கு இன்னொரு வழியும் உண்டு: கொங்கிறீட்டே கூம்பு வடிவில் பெயர்ந்து வருவது. 20 மெகாபாஸ்கல் கொங்கிறீட்டில் 125 மி.மீ. ஆழம் புதைத்த ஒற்றைப் போல்ட்டுக்கு, ஓரத்திலிருந்து தள்ளியிருந்தால், அந்தக் கூம்பின் வலு வெடிப்பில்லாத இடத்தில் 69, வெடிப்புள்ள இடத்தில் 48 கிலோநியூட்டன் அளவில் வரும். முக்காலியின் கால்கள் அந்தக் கூம்பின் மேலேயே ஏறி நின்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் கூம்பு எப்படிப் பெயரும்? ரெசினின் பிடிப்பு மட்டுமே சோதனைக்கு உட்படும். அதை அறியத்தான் சோதனை என்றால் தவறில்லை, அறிக்கையில் அப்படியே எழுதிவிட வேண்டும். கூம்பையும் சேர்த்துச் சோதிக்க, கால்கள் புதைவு ஆழத்தின் இருமடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். 125 மி.மீ. ஆழத்துக்குப் பக்கத்துக்கு 250 மி.மீ. இரண்டு தடித்த சி-சனலை முதுகோடு முதுகு சேர்த்து, நடுவே இழுகம்பிக்கு இடம் விட்டு வெல்டிங் செய்தால் ஒரு பாலம் கிடைக்கும், எந்த வெல்டிங் கடையிலும் செய்யலாம். உங்கள் பாரத்துக்குச் சனலின் பருமனைக் கணக்குப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். புளொக் கல் சுவரில் இந்த முக்காலியை வைக்கவே வேண்டாம். போல்ட் அசையும் முன் கல்லின் முகம் நொறுங்கிவிடும்.

பாறையில் இந்தத் தொகுதி தன் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் வேலை செய்கிறது. கிழக்கின் கருங்கல் பெரும்பாலும் விஜயன் பாறைத் தொகுதியைச் சேர்ந்த நைஸ் (பட்டைபட்டையாக உருமாறிய பாறை) வகை. முழுதாக இருக்கும் இடத்தில் பிடிப்புக்குக் குறைவில்லை. அப்பிரகப் பட்டை ஓடும் இடத்தில் அந்தப் பட்டைக்குச் சமாந்தரமாகத் துளை விழுந்தால் மட்டும் எண்கள் சட்டென்று குறையும். அதனால் ஒரே பாறையில் ஒரே இடத்தில் மூன்று சோதனை செய்வதை விட, பட்டை மாறும் இடங்களில் பிரித்துச் செய்வது மேல்.

பாறையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2.4 மீற்றர் போல்ட்டை முழு நீளமும் ரெசினால் நிரப்பிவிட்டு வாய்ப்பக்கமிருந்து இழுத்தால், வாயருகில் உள்ள அரை மீற்றர் ரெசினே போல்ட்டின் இரும்பு இளகும் (பழைய நீளத்துக்குத் திரும்பாமல் நீளும்) அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். உள்ளே மீதி நீளம் வெறுமையாக இருந்தாலும் சோதனை "பாஸ்" ஆகும். ரெசினின் தரத்தை அறிய வேண்டுமென்றால் தனியாக ஒரு போல்ட் போட்டு, துளையின் உட்கோடியில் 300 மி.மீ. மட்டும் ரெசின் விட்டு இழுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு ரெசின் என்பதைக் கணக்குப் பார்த்தே வெட்ட வேண்டும். 28 மி.மீ. துளை, 22 மி.மீ. போல்ட் என்றால் இடைவெளியின் பரப்பு 236 சதுர மி.மீ. 24 மி.மீ. விட்டமுள்ள ரெசின் குழலில் 156 மி.மீ. நீளத் துண்டு போதும். துளைக்கும் பிட் ஆடி துளை 30 மி.மீ. ஆகிவிட்டால்? அதே துண்டு 216 மி.மீ. நீளத்தைத்தான் நிரப்பும். நீங்கள் 300 என்று நினைத்துக்கொண்டு பாரத்தை அந்த நீளத்தால் வகுப்பீர்கள், ரெசின் மோசம் என்று விடை வரும். துளையின் விட்டத்தை உள்ளே அளந்து பார்க்காமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். துளை அகலமானால் கலப்பும் கெடும். குழலின் பிளாஸ்ரிக் உறை கிழிபடாமல் கையுறை மாதிரிப் போல்ட்டைச் சுற்றிக்கொள்ளும், ரெசின் இருந்தும் பிடிப்பு இராது.

பெட்டியோடு வரும் கையேடு சொல்லாத ஒன்று: இரும்பின் தரம். ஹார்ட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் திரெட் றொட்டில் முத்திரை எதுவும் இல்லை என்றால் அதை வலுக்குறைந்த 4.6 தரமென்றே எடுங்கள். 16 மி.மீ. றொட்டின் புரிப் பரப்பு 157 சதுர மி.மீ. 4.6 தரத்தில் அது 37.7 கிலோநியூட்டனில், இந்த ஜக்கில் 81 பாரில், இளகி நீளத் தொடங்கும். வரைபடத்தில் "40 கிலோநியூட்டன் சோதனை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை இழுத்தால் ஊசி ஏறாது, டயல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லோரும் ரெசினைத் திட்டுவார்கள். இளகும் பாரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் நிறுத்துவது நல்லது. 20 மி.மீ. வலுக்கூடிய 8.8 தர போல்ட்டுக்கு அது 125 கிலோநியூட்டன், அதாவது 268 பார். அதே 20 மி.மீ. 4.6 தரத்தில் 47 கிலோநியூட்டன், 101 பார் மட்டுமே. சோதனைக்கு முன் இந்த எண்ணைக் கேஜின் கண்ணாடியில் மார்க்கரால் கோடிட்டு வையுங்கள்.

எத்தனை போல்ட் சோதிப்பது என்ற கேள்விக்குப் பிரித்தானிய நியமம் 8539 நேரான பதில் தருகிறது. 40க்கு ஒன்று சோதித்தால் வேலைப் பாரத்தின் 1.5 மடங்கு. 20க்கு ஒன்று சோதித்தால் 1.25 மடங்கு. எப்படியானாலும் மூன்றுக்குக் குறையக் கூடாது. இது போட்ட வேலை சரியா என்று பார்க்கும் சோதனை. இழுத்த போல்ட் அப்படியே வேலையில் நிற்கும். ரெசின் எவ்வளவு தாங்கும் என்று அறிய முறியும்வரை இழுப்பதென்றால் அதற்கு வேறு போல்ட் போட வேண்டும்.

நம் வெயிலும் ஒரு காரணி. ரெசின் குழல்களைப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். தகரக் கூரைக் களஞ்சியத்திலோ வெயிலில் நிறுத்திய வாகனத்திலோ சித்திரை வைகாசியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காலாவதித் திகதி தாண்டாத குழலும் தடித்துப் போயிருக்கும். மதிய வெயிலில் ரெசின் சில நிமிடத்திலேயே இறுகும் என்பதால் ஒரே மூச்சில் பத்துத் துளைக்கு விட்டுவிட்டு முதல் போல்ட்டைச் செருகத் திரும்பிப் போனால் அது பாதியில் நின்றுவிடும். ஈரத் துளைக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் பல ரெசின்களில் இருமடங்கு. குழலிலேயே அட்டவணை அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டு இழுங்கள்.

பாதுகாப்பு விடயத்தில் தொகுதிக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைக்கிறோம். ஜக்கைக் கட்டி வைக்கச் சங்கிலியோ கொக்கியோ தரவில்லை. போல்ட் முறிந்தால் 11 கிலோ ஜக்கும் இழுகம்பியும் சேர்ந்து பாயும். மேல்நோக்கிய போல்ட்டில் அது நேரே கீழே வரும். ஒரு கயிற்றை ஜக்கின் பிடியில் கட்டி வேறொரு உறுதியான இடத்தில் முடிச்சுப் போடுங்கள். பம்ப் அடிப்பவர் ஹோஸின் முழு நீளத்துக்கு விலகி, இழுகம்பியின் நேர்கோட்டில் இல்லாமல் நிற்க வேண்டும். டயலைப் பார்ப்பவருக்கும் அதே சட்டம். எண் தெரியவில்லையென்றால் தொலைபேசிக் கமராவை முன்னால் வைத்துவிட்டு விலகிவிடலாம்.

உப்புக் காற்றில் இந்த ஜக்கின் ஆயுள் பராமரிப்பைப் பொறுத்தது. கல்லடி, காத்தான்குடி, மருதமுனை போன்ற கடலோர வேலைத்தளங்களில் உள்தண்டை வெளியே நீட்டியபடி ஓர் இரவு விட்டால் குரோமில் புள்ளி விழத் தொடங்கும். அந்தப் புள்ளிதான் பிறகு சீலைக் கிழிக்கிறது. வேலை முடிந்ததும் தண்டை முழுவதும் உள்ளே இறக்கி, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஹோஸ் கப்ளரின் தூசு மூடியைப் போடுங்கள். அந்த இரண்டு சிறிய பிளாஸ்ரிக் மூடிகளே முதலில் தொலைகின்றன. மணல் புகுந்த கப்ளர்தான் பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம்.

வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்றால், மாதத்தில் ஓரிரு தரம் சோதிக்கும் ஒப்பந்தகாரருக்கு வாடகையே போதும். எடுக்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஜக்கைத் தடித்த இரும்புத் தட்டுகளுக்கும் நட்டுக்கும் இடையில் பூட்டி 200 பார் ஏற்றி, ஐந்து நிமிடம் விட்டு ஊசியைப் பாருங்கள். இறங்கினால் வேறு தொகுதி கேளுங்கள். புரிக் கப்ளர்களில் உங்கள் போல்ட்டைக் கையால் முழுப் புரியும் ஏற்றிப் பாருங்கள், பாதிப் புரியில் நிற்பதை எடுக்காதீர்கள். கோள வாசர் இருக்கிறதா, அட்டவணையில் உள்ள தொடரெண் ஜக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டயல் கேஜை மட்டும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைப் பெட்டியில் அது வரப்போவதில்லை.